பனியில் ஒரு கண், கூடையில் ஒரு கண்: பிளேஆஃப் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் டொராண்டோவில் இருக்கிறேன். ஏப்ரல் நடுவில் தொடங்கி ஜூன் வரை இங்கே ஹாக்கி, கூடைப்பந்து இரண்டுக்கும் ஒரே சமயத்தில் பிளேஆஃப் நடக்கும். எங்கள் வீட்டில் மற்ற எல்லோரும் கூடைப்பந்துக் கட்சி, நான் ஒருவன் ஹாக்கிக் கட்சி. ஊரிலிருந்து போனில் பேசுகிறவர்களும் சரி, புதிதாகக் குடிவந்தவர்களும் சரி, அலுவலகத்தில் கூட உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களும் சரி, ஆண்டுதோறும் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு, என் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். ஹாக்கி ரசிகனின் பதில்கள் இவை என்பதை மனதில் வைத்துப் படியுங்கள்.

ஹாக்கின்னா நம்ம தன்ராஜ் பிள்ளை ஆடினதுதானே?

இல்லை, இது ஐஸ் ஹாக்கி. 200 அடி நீளம், 85 அடி அகலம் கொண்ட பனித்தளத்தில், காலில் ஸ்கேட் கட்டிக்கொண்டு ஆடுவது. கோல்கீப்பரையும் சேர்த்து அணிக்கு ஆறு பேர். பந்துக்குப் பதிலாக பக் எனப்படும் கறுப்பு ரப்பர் வட்டு. இருபது நிமிடம் கொண்ட மூன்று பகுதிகள்.

இதன் தொழில்முறை லீக் என்.ஹெச்.எல். அதில் 32 அணிகள், அவற்றில் ஏழு கனடாவைச் சேர்ந்தவை. கூடைப்பந்தின் என்.பி.ஏ.வில் 30 அணிகள். அங்கே கனடாவின் ஒரே அணி எங்கள் டொராண்டோ ராப்டர்ஸ்.

பிளேஆஃப்னா ஐபிஎல்ல கடைசி நாலு டீம் ஆடுமே, அதானே?

பெயர் ஒன்றுதான், அளவு வேறு. ஐபிஎல்லில் நான்கு அணிகள் நான்கே ஆட்டங்களில் முடித்துவிடுவார்கள். இங்கே இரண்டு லீக்கிலும் 16 அணிகள், நான்கு சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் அதே எதிரணியோடு ஏழு ஆட்டம் வரை. முதலில் நான்கில் ஜெயிப்பவர் அடுத்த சுற்றுக்குப் போவார். கோப்பைக்கு 16 வெற்றி வேண்டும், 28 ஆட்டம் வரை ஆட வேண்டியிருக்கலாம். எண்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் கொண்ட லீக் சுற்றை முடித்துக் களைத்த உடம்போடு இதைத் தொடங்குகிறார்கள்.

ஒரே எதிரியோடு இரண்டு வாரம் மோதும்போது அது வேறு விளையாட்டாகவே மாறிவிடுகிறது. முதல் ஆட்டத்தில் யார் யாரை இடித்தார் என்பது ஐந்தாவது ஆட்டம் வரை மறக்காது.

ரெண்டுலயும் உள்ள நுழையறது ஒரே மாதிரியா?

ஹாக்கியில் கிழக்கு, மேற்கு என்று இரண்டு பிரிவுகள், ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு உட்பிரிவுகள். உட்பிரிவுக்கு முதல் மூன்று அணிகள் நேராக வரும். மீதி இடங்களுக்கு, பிரிவுக்கு இரண்டு அணிகள் புள்ளிக் கணக்கில் வரும். கூடைப்பந்தில் பிரிவுக்கு முதல் ஆறு அணிகள் நேராக வரும். ஏழு முதல் பத்து வரை உள்ளவர்கள் மிச்சமிருக்கும் இரண்டு இடங்களுக்குத் தனியாக ஓரிரு ஆட்டங்கள் ஆட வேண்டும். இந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கவில்லை. 82 ஆட்டம் ஆடி ஏழாவதாக வந்தவர்களை இரண்டு ராத்திரியில் வெளியே அனுப்பிவிடலாம் என்பது நியாயமாகப் படவில்லை.

கூடைப்பந்துல 110, 115ன்னு புள்ளி ஏறிக்கிட்டே இருக்கு. ஹாக்கில 2-1. எதுக்கு உக்காந்து பார்க்கணும்?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். கூடைப்பந்தில் ஓர் அணியின் கைக்குப் பந்து ஏறக்குறைய நூறு தடவை வருகிறது. ஒரு தடவை தவறவிட்டால் இருபது விநாடியில் அடுத்த வாய்ப்பு வந்துவிடும். ஹாக்கியில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் கோலை நோக்கி அடிப்பது சுமார் முப்பது தடவை, உள்ளே போவது ஏறக்குறைய மூன்று. மீதி எல்லாம் கோல்கீப்பரின் கையுறையிலோ, கால் கவசத்திலோ, கோல் கம்பத்திலோ முடிந்துவிடும்.

அதனால் நான் பார்ப்பது கோலை அல்ல, கோல் விழுந்துவிடுமோ என்ற அந்த நேரத்தை. கபடியில் பாடிப் போனவர் பிடிபட்ட பிறகும் நடுக்கோட்டைத் தொட விரலை நீட்டுவாரே, அந்த நொடியில் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு கோல் வித்தியாசத்தில் போகும் ஹாக்கி ஆட்டத்தின் கடைசி பத்து நிமிடம் முழுக்க அந்த நொடிதான். பக் கம்பத்தில் மோதும் 'டங்' சத்தம் கேட்டால் அரங்கில் பாதிப் பேர் தலையில் கை வைப்பார்கள், மீதிப் பேர் மார்பில் கை வைப்பார்கள்.

கூடைப்பந்தில் அழகு அதிகம், அதை மறுக்க மாட்டேன். காற்றில் மனிதன் அப்படித் திரும்புவதை வேறெங்கும் பார்க்க முடியாது. ஆனால் முதல் கால்பகுதியில் போட்ட அழகான கூடை கடைசியில் கணக்குக்குள் கரைந்துவிடுகிறது. ஹாக்கியில் மூன்றாவது நிமிடத்தில் விழுந்த கோல் அறுபதாவது நிமிடம் வரை எல்லோர் நெஞ்சிலும் உட்கார்ந்திருக்கும்.

அப்ப நல்ல டீம் ஜெயிக்காதா? லாட்டரியா அது?

லாட்டரி இல்லை, ஆனால் பலசாலி விழுவது சகஜம். 2018-19ல் டாம்பா பே லைட்னிங் லீக் சுற்றில் 62 ஆட்டம் ஜெயித்தது. முதல் சுற்றில் கொலம்பஸ் புளூ ஜாக்கெட்ஸிடம் நான்குக்கு நான்கும் தோற்று வெளியேறியது. 2022-23ல் பாஸ்டன் புரூயின்ஸ் 65 வெற்றி, 135 புள்ளி என்று வரலாற்றுச் சாதனையோடு வந்தது. அவர்களும் முதல் சுற்றிலேயே, 3-1 என்று முன்னிலையில் இருந்தும், புளோரிடா பேந்தர்ஸிடம் ஏழு ஆட்டத்தில் தோற்றார்கள். எதிர்ப்பக்கம் பார்த்தால், 2012ல் மேற்கில் எட்டாவதாக, அதாவது கடைசியாக நுழைந்த லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் கோப்பையையே தூக்கியது.

கூடைப்பந்தில் எட்டாவது அணி முதல் அணியைத் தோற்கடித்தது 2025 வரை ஆறே முறை. கடைசியாக 2023ல் மயாமி ஹீட் மில்வாக்கி அணியை வீழ்த்தியது. ஆனால் எட்டாவதாக வந்த எந்த அணியும் பட்டம் வென்றதில்லை. ஆறாவதாக வந்து 1995ல் ஜெயித்த ஹூஸ்டன் ராக்கெட்ஸ்தான் அங்கே எல்லை. 0-3 என்று பின்தங்கிய பிறகு தொடரை வெல்வதைப் பாருங்கள். ஹாக்கியில் 1942ல் டொராண்டோ, 1975ல் நியூயார்க் ஐலண்டர்ஸ், 2010ல் பிலடெல்ஃபியா, 2014ல் லாஸ் ஏஞ்சலஸ் என நான்கு முறை நடந்திருக்கிறது. கூடைப்பந்தில் 2025 வரை ஒரு முறைகூட இல்லை.

முதல் காரணம் மேலே சொன்ன கணக்கு. நூறு வாய்ப்பில் திறமை வெளியே வந்தே தீரும். மூன்று கோலில் முடியும் ஆட்டத்தில் பக் ஒருவர் ஸ்கேட்டில் பட்டுத் திரும்பினால் போதும். இன்னும் இரண்டு காரணங்கள் அடுத்த இரண்டு பதில்களில் இருக்கின்றன.

மெக்டேவிட் மாதிரி ஒருத்தர் இருந்தும் எட்மண்டனுக்கு ஏன் கப் வரல? லெப்ரான் இருந்தா ஃபைனல் நிச்சயம்னு ஒரு காலம் இருந்துச்சே?

லெப்ரான் ஜேம்ஸ் 2011 முதல் 2018 வரை தொடர்ந்து எட்டு இறுதிச் சுற்றுகள் ஆடினார், முதலில் மயாமிக்கு, பிறகு கிளீவ்லேண்டுக்கு. கூடைப்பந்தில் களத்தில் ஐந்து பேர்தான். பெரிய ஆட்டத்தில் நட்சத்திரம் 48 நிமிடத்தில் 40க்கு மேல் களத்தில் இருப்பார், பந்தும் பெரும்பாலும் அவர் கையில்தான். ஹாக்கியில் முன்களவீரர் ஒரு தடவை பனியில் இருப்பது 45 விநாடி சுமார். அவ்வளவு வேகத்தில் அதற்கு மேல் யாராலும் ஓட முடியாது. எட்மண்டன் ஆயிலர்ஸ் அணியின் பெரிய நட்சத்திரம் கானர் மெக்டேவிட்டே 60 நிமிடத்தில் ஏறக்குறைய 23 நிமிடம்தான் ஆடுவார். மீதி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

2024 பிளேஆஃபில் அவர் கோலும் அசிஸ்டும் சேர்த்து 42 புள்ளி எடுத்தார். அதில் 34 அசிஸ்ட், அதாவது மற்றவர் கோல் அடிக்கப் பக்கைக் கொடுத்தது, ஒரே பிளேஆஃபில் அது சாதனை. புளோரிடாவுடன் இறுதிச் சுற்றில் 0-3லிருந்து 3-3 வரை கொண்டுவந்தார்கள். ஏழாவது ஆட்டத்தில் 2-1 என்று தோற்றார்கள். தோற்ற அணியில் இருந்தும் பிளேஆஃபின் சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் விருது அவருக்கே கிடைத்தது. அதை வாங்க அவர் பனித்தளத்துக்குத் திரும்பி வரவில்லை. அன்று ராத்திரி எனக்கு நெடுநேரம் தூக்கம் பிடிக்கவில்லை. 2025ல் அதே புளோரிடாவிடம் மறுபடியும் இறுதிச் சுற்றில், இந்த முறை ஆறு ஆட்டத்தில் தோல்வி.

கோல்கீப்பர் ஒருத்தரே தொடரை ஜெயிச்சுக் குடுக்க முடியுமா?

முடியும். கூடைப்பந்தில் இதற்கு ஈடான இடமே கிடையாது. 2003ல் அனஹைம் அணியின் ஜான் செபாஸ்டியன் ஜிகேர், முந்தைய ஆண்டு சாம்பியன் டெட்ராய்ட்டை நான்கே ஆட்டத்தில் வெளியேற்ற உதவி, அணியை இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம் வரை இழுத்துவந்தார். நியூஜெர்சியிடம் தோற்றார்கள், ஆனாலும் கான் ஸ்மைத் அவருக்குத்தான். என்.பி.ஏ. இறுதிச் சுற்றில் தோற்ற அணியிலிருந்து சிறந்த வீரர் விருது வாங்கியவர் 1969ல் ஜெர்ரி வெஸ்ட் ஒருவரே.

ஓவர்டைம் வந்தா ஏன் எல்லாரும் எழுந்து நிக்கிறீங்க?

கூடைப்பந்தில் சமநிலை என்றால் ஐந்து நிமிடம் கூடுதல். அதை முழுக்க ஆடுவார்கள், முன்னிலையில் இருப்பவர் ஜெயிப்பார். ஹாக்கியிலும் லீக் சுற்றில் சுருக்கமாகத்தான் முடிப்பார்கள்: அணிக்கு மூவர் என்று ஐந்து நிமிடம், அப்புறம் பெனால்டி ஷூட்அவுட். ஆனால் பிளேஆஃபில் இந்தச் சுருக்கம் எதுவும் இல்லை. மறுபடியும் முழு இருபது நிமிடம், அணிக்கு ஐவர், அவரவர் கோல்கீப்பர். முதல் கோல் விழும் நொடியில் ஆட்டம் முடிந்தது. விழவில்லையா, இன்னொரு இருபது நிமிடம். விழும்வரை இப்படியே.

1936 மார்ச் 24 அன்று மான்ட்ரியாலில் டெட்ராய்ட் ரெட் விங்ஸும் மான்ட்ரியால் மரூன்ஸும் தொடங்கிய ஆட்டம் ஆறாவது ஓவர்டைம் வரை போனது. மொத்தம் 176 நிமிடம் 30 விநாடி. மட் புருனெட்டோ என்ற இளைஞர் அடித்த ஒரே கோலில் டெட்ராய்ட் ஜெயித்தபோது நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கும் மேல் ஆகிவிட்டது. அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. 2020 ஆகஸ்டில் டாம்பா பே, கொலம்பஸ் ஆட்டம் ஐந்தாவது ஓவர்டைமில் முடிந்தது. கொலம்பஸ் கோல்கீப்பர் யோனாஸ் கோர்பிசாலோ அன்று தடுத்தது 85. அப்படியும் தோற்றார்.

எங்கள் அப்பா தஞ்சாவூரிலிருந்து வந்து தங்கியிருந்தபோது ஒரு ஓவர்டைம் ஆட்டத்தை என்னோடு பார்த்தார். விதி ஒன்றும் தெரியாது, பக் எங்கே என்றே கண்ணுக்குப் பிடிபடவில்லை. "அடுத்த கோலோட முடிஞ்சுரும்ப்பா" என்று மட்டும்தான் சொன்னேன். இரண்டு நிமிடத்தில் சோபாவின் விளிம்புக்கு வந்துவிட்டார், ஐந்தாவது நிமிடத்தில் எழுந்து நின்றார். யாரும் எழச் சொல்லவில்லை.

கூடைப்பந்துல கடைசி ரெண்டு நிமிஷம் ஏன் கால் மணி நேரம் ஓடுது?

டைம்அவுட், வேண்டுமென்றே செய்யும் ஃபவுல், வீடியோ மறுபார்வை, இவை மூன்றும் அங்கே குவிகின்றன. பின்தங்கிய அணி ஃபவுல் செய்து கடிகாரத்தை நிறுத்தி, அதற்குக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவை (யாரும் தடுக்காமல் எறியும் வாய்ப்பு) எதிராளி தவறவிடுவாரா என்று பார்க்கும். விதிப்படி அது சரியான உத்திதான், ஆனால் பார்க்கிறவருக்கு மூச்சு விட்டுவிட்டு வருகிறது. ஹாக்கியில் ஓர் அணிக்கு ஆட்டம் முழுவதற்கும் ஒரே டைம்அவுட், அதுவும் 30 விநாடி. பின்தங்கியவர்கள் கோல்கீப்பரையே வெளியே கூப்பிட்டு ஆறாவது ஆட்டக்காரரை இறக்குவார்கள். பின்னால் கோல் திறந்து கிடக்கும். ஆட்டத்தின் வேகம் கடைசியில் கூடுகிறதே தவிர குறைவதில்லை.

2019ல ராப்டர்ஸ் ஜெயிச்சப்ப ஹாக்கிக்காரர் வீட்டுலயே இருந்தீங்களாண்ணா?

இல்லை தம்பி, தெருவில் இருந்தேன். மே 12, பிலடெல்ஃபியாவுடன் ஏழாவது ஆட்டம், 90-90. அரங்கின் வெளியே பெரிய திரைக்கு முன்னால் பிள்ளைகளோடு நின்றேன். நேரம் முடியும் ஒலி அடிக்கும்போது காவை லெனர்ட் வலது மூலையிலிருந்து எறிந்த பந்து வளையத்தில் நான்கு முறை குதித்தது. நான்காவது குதிப்புக்குப் பிறகு உள்ளே விழுந்தது. அந்த நான்கு குதிப்புக்குள் கூடைப்பந்தும் ஹாக்கியும் எனக்கு ஒன்றாகிவிட்டன. மேலே சொன்ன கபடி நொடி அதுதான்.

ஜூன் 13ல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸை 4-2 என்று வென்று, அமெரிக்காவுக்கு வெளியே என்.பி.ஏ. பட்டம் போன முதல் தடவை ஆனது. ராப்டர்ஸும் மேப்பிள் லீஃப்ஸ் ஹாக்கி அணியும் ஆடுவது ஒரே அரங்கம். பனிக்கு மேலேயே மரத்தளம் போட்டுக் கூடைப்பந்து நடக்கும். அதே கூரைக்குக் கீழே ஒருவருக்குப் பட்டம் வந்தது, என் அணிக்கு வரவில்லை. வருத்தம் இருந்தது, ஆனால் அன்று ஸ்கார்பரோ தெருக்களில் ஹாரன் அடித்தபடி சுற்றிய தமிழ்ப் பிள்ளைகளைப் பார்த்தபோது சந்தோஷமே பெரிதாக இருந்தது.

லீஃப்ஸ் ஏன் ஒவ்வொரு வருஷமும் இப்படிப் பண்றாங்க?

என்.ஹெச்.எல். பட்டமான ஸ்டான்லி கோப்பையைக் கடைசியாக வென்றது 1967ல், லீக்கில் ஆறே அணிகள் இருந்த காலம். 2013ல் பாஸ்டனுடன் ஏழாவது ஆட்டத்தில் மூன்றாம் பகுதியில் 4-1 என்று முன்னிலை. ஓவர்டைமில் 5-4 என்று தோற்றார்கள். 2004க்குப் பிறகு ஒரு தொடரையாவது வென்றது 2023ல்தான். 2025ல் ஆட்டாவாவை வென்று, அடுத்த சுற்றில் புளோரிடாவிடம் ஏழாவது ஆட்டத்தில் விழுந்தார்கள்.

ஒரே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் கனடா முழுவதற்கும் இந்தத் தாகம் உண்டு. 1993ல் மான்ட்ரியால் வென்றதற்குப் பிறகு 2025 வரை கோப்பை எந்தக் கனடிய அணிக்கும் வரவில்லை.

தாடி வளக்குறாங்க, ஒரு கோப்பையைத் தொடவே மாட்டேங்குறாங்க. இதெல்லாம் என்ன?

பிளேஆஃப் தொடங்கியதும் சவரக்கத்தியை வைத்துவிடுவார்கள். 1980களின் தொடக்கத்தில் நியூயார்க் ஐலண்டர்ஸ் அணியிலிருந்து பரவியதாகச் சொல்வார்கள். மாலை போட்டவர்கள் சபரிமலை போய்வரும்வரை தாடியை எடுக்காததைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது உடனே புரியும். கிழக்கு, மேற்குப் பிரிவுகளை வென்றதற்குத் தரும் கோப்பையைப் பல அணித்தலைவர்கள் தொட மாட்டார்கள். தூக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான் என்பது நம்பிக்கை.

அந்த ஒன்று, கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ஸ்டான்லி பிரபு 1892ல் கொடுத்தது. ஆண்டுதோறும் புதிதாகச் செய்து தருவதில்லை. வென்றவர்களின் பெயர்களை அதிலேயே பொறிக்கிறார்கள். ஒவ்வொரு வீரரும் கோடையில் ஒரு நாள் அதைத் தன் ஊருக்குக் கொண்டுபோகலாம். என்.பி.ஏ. கோப்பை தங்கமாய் மின்னுகிறது, ஆனால் அதில் தாத்தா காலத்துப் பெயர் இல்லை.

இன்னொன்று, தொடர் முடிந்ததும் இரண்டு அணிகளும் வரிசையில் நின்று ஒவ்வொருவராகக் கை குலுக்குவார்கள். இரண்டு வாரம் இடித்துத் தள்ளியவர்கள் காதருகே ஏதோ சொல்லிவிட்டு நகர்வார்கள். இது நடக்கும்போது நான் சேனலை மாற்றுவதே கிடையாது.

எலும்பு உடைஞ்சும் ஆடுறாங்களே, அது வீரமா?

2013 இறுதிச் சுற்றில் பாஸ்டனின் பத்ரீஸ் பெர்ஜரான் விலா எலும்பு முறிந்து, தோள் மூட்டு விலகி, நுரையீரலில் துளையோடு ஆடினார். முன்பெல்லாம் இதைப் பெருமையாக எல்லோரிடமும் சொல்வேன். ஹாக்கிக்காரனோடு ஒப்பிட்டால் கூடைப்பந்துக்காரர் சீக்கிரம் உட்கார்ந்துவிடுவார் என்றும் சொல்லியிருக்கிறேன். அது தவறு. 2019ல் கெவின் டூரண்ட் கால் காயத்திலிருந்து திரும்பிவந்து ஆடியபோது குதிகால் தசைநாண் அறுந்தது. 2025 இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் இந்தியானாவின் டைரீஸ் ஹாலிபர்டனுக்கும், கெண்டைக்கால் காயத்தோடு இறங்கி, அதேதான் ஆனது. இரண்டு விளையாட்டிலும் உடம்பை அடகு வைக்கிறார்கள். இப்போது அதைப் பார்க்கும்போது பெருமையைவிடக் கவலைதான் அதிகம் வருகிறது.

ஹாக்கிலதான் யார் வேணா ஜெயிக்கலாம்னீங்க. 2019லேருந்து 2025 வரை கூடைப்பந்துல ஏழு வருஷம் ஏழு டீம். ஹாக்கில அஞ்சுதான். கணக்கு இடிக்குதே?

நல்ல கேள்வி, என் மருமகன் கேட்டது. கணக்கு சரிதான். கூடைப்பந்தில் டொராண்டோ, லேக்கர்ஸ், மில்வாக்கி, கோல்டன் ஸ்டேட், டென்வர், பாஸ்டன், ஓக்லஹோமா சிட்டி. ஹாக்கியில் செயின்ட் லூயிஸ், டாம்பா பே இரண்டு முறை, கொலராடோ, வேகாஸ், புளோரிடா இரண்டு முறை.

ஆனால் அந்த ஏழு கூடைப்பந்துச் சாம்பியன்களும் தங்கள் பிரிவில் முதல் மூன்று இடத்துக்குள் இருந்தவர்கள். பெயர் மாறியது, பலசாலி வெல்வது மாறவில்லை. ஹாக்கியில் 2019 சாம்பியன் செயின்ட் லூயிஸ் அந்த சீசனில் ஜனவரித் தொடக்கத்தில் லீக்கிலேயே கடைசி. அதே சமயம், லாட்டரி இல்லை என்று முன்பு சொன்னேனே, அதற்கும் இதே பட்டியல்தான் சாட்சி. 2019ல் நான்குக்கு நான்கும் தோற்ற டாம்பா பே அணியைக் கலைக்கவில்லை. அதே முக்கிய வீரர்களை வைத்துக்கொண்டு அடுத்த இரண்டு ஆண்டும் கோப்பை வென்றார்கள். ஒரு தொடரில் அதிர்ஷ்டம் ஏமாற்றலாம், மூன்று ஆண்டு பொறுத்தால் திறமை தெரிந்துவிடும். டொராண்டோ ரசிகனாக இந்த வாக்கியத்தை நான் அடிக்கடி எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

ஊர்ல இருந்து பார்க்கணும்னா எப்படி ஆரம்பிக்கிறது மாமா?

இங்கே மாலை ஏழு மணி ஆட்டம் அங்கே விடிகாலை நாலரை. முதல் சுற்றில் ஆறாவது அல்லது ஏழாவது ஆட்டமாகத் தேர்ந்தெடுங்கள், அதற்குள் இரண்டு அணிக்கும் பகை முற்றியிருக்கும். பக்கைத் துரத்திக் கண்ணை வருத்திக்கொள்ள வேண்டாம். கோல்கீப்பரின் தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள், பக் அங்கேதான் இருக்கும். பெஞ்சிலிருந்து ஆட்கள் சுவரைத் தாண்டிக் குதித்து மாறுவதையும் கவனியுங்கள். ஆட்டம் நிற்காமல் அது நடக்கும், களைத்தவர்கள் திரும்புவதற்குள் எதிரணி பாய்ந்தால் கோல் வாய்ப்பு.

காபி போட ஆட்டத்தின் நடுவே எழுந்து போகாதீர்கள். பகுதிகளுக்கு இடையே கிட்டத்தட்ட 18 நிமிடம் இடைவேளை உண்டு, ஓவர்டைமுக்கு முன்னாலும் உண்டு. பாலை அப்போது அடுப்பில் வைத்தால் போதும்.